கசிவு காட்டும் கருவி: எந்த வீட்டுக்கு எது?

கசிவு காட்டும் கருவி வாங்குவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. விலை விசாரிக்கும் முன், உங்கள் கட்டடத்தில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வால்வை மூடினால் எது நிற்கும் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அந்தப் படம் கையில் இல்லாமல் எந்தக் கருவி பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாம்பரத்திலிருந்து, தனி வீட்டுக்காரர்: சார், வெளிநாட்டு வீடியோக்களில் மெயின் பைப்பில் ஒரு பெட்டி மாட்டுகிறார்கள். கசிந்தால் அதுவே தண்ணீரை மூடிவிடுகிறது. நாமும் அதையே வாங்கி மாட்டலாமா?

அந்த வீடுகளுக்குத் தெருக் குழாயிலிருந்தே நல்ல அழுத்தத்தில் ஒரே வழியாகத் தண்ணீர் வருகிறது. நம் வீட்டில் சம்ப், மோட்டார், மாடித் தொட்டி என்று வருகிறது. சுமார் 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.3 பார்தான். அந்த வகைப் பெட்டிகளில் பல, வால்வைச் சற்று நேரம் மூடி, உள்ளே அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் கசிவைக் கண்டுபிடிக்கின்றன. அழுத்தமே இவ்வளவு குறைவாக இருந்தால் சொட்டுக் கசிவு அதற்குப் பிடிபடுவது கஷ்டம். வாங்கும் முன் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்று அதன் விவரத் தாளில் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளில் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு லைன், பாத்ரூமுக்கு ஒன்று, ஃப்ளஷுக்கு ஒன்று என்று தனித்தனியாக இறங்கும். ஒரு பெட்டி ஒரு லைனைத்தான் காக்கும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: லைன்கள் பிரியும் முன், தொட்டி வாயிலிலேயே மோட்டாரில் இயங்கும் ஒரு பால் வால்வு. அது முழுத் துளை உள்ளதாக, அதாவது திறந்தால் குழாயின் உள் அகலம் குறையாததாக இருக்கட்டும், இல்லையென்றால் ஷவரில் தண்ணீர் மெலிந்துவிடும். அப்புறம் ஆர்.ஓ. மெஷின், வாஷிங் மெஷின், சிங்க் இவற்றின் அடியில் தரையில் வைக்கும் சென்சார்கள், நனைந்தால் அந்த வால்வை மூடச் சொல்பவை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலர் இருக்கிறதா? இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான். நம் தனி வீடுகளில் கண்ணுக்குத் தெரிந்தே அதிகம் வீணாவது நிரம்பி வழியும் தண்ணீர்.

மதுரையிலிருந்து: கருவி வாங்கும் முன், கசிவு இருக்கிறதா என்று நாமே பார்க்க வழி உண்டா அண்ணா?

உண்டு, செலவும் இல்லை. இரவு எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்துவையுங்கள். யாரும் தண்ணீர் தொடாமல் காலையில் மறுபடி அளந்து பாருங்கள். நீர்ப்பரப்பு 1 சதுர மீட்டர் என்றால், 1 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 10 லிட்டர் போயிருக்கிறது. 3 சதுர மீட்டர் தொட்டியில் அதே 1 சென்டிமீட்டர் 30 லிட்டர். அடுத்த இரவு தொட்டி வாயில் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போதும் மட்டம் இறங்கினால் கசிவு தொட்டியிலேயே. இறங்காவிட்டால் வால்வுக்குக் கீழே எங்கோ.

கீழே என்றால் முதலில் ஃப்ளஷ் டேங்கைச் சந்தேகப்படுங்கள். அதற்குள் கொஞ்சம் சமையல் கலரைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று பொருள்.

வேளச்சேரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்: 60 வீடுகள். லாரித் தண்ணீருக்குப் பணம் கொட்டுகிறோம். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் போட்டால் கசிவு தெரியும் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

மீட்டர் போடுவது நல்ல முடிவு. ஆனால் கசிவைக் காட்டுமா என்பது மீட்டரின் ஆர் எண்ணைப் பொறுத்தது. எவ்வளவு மெல்லிய ஓட்டம் வரை மீட்டர் சரியாக அளக்கும் என்பதை அந்த எண் சொல்கிறது, எண் கூடக்கூட நல்லது. மணிக்கு 2.5 கன மீட்டர் திறனுள்ள மீட்டர் ஆர் 80 என்றால், மணிக்கு சுமார் 31 லிட்டருக்குக் கீழே ஓடும் தண்ணீரை அது சரியாக அளக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆர் 160 என்றால் அந்த எல்லை சுமார் 16 லிட்டர். ஒரு ஃப்ளஷ் டேங்க் மணிக்கு 10 லிட்டர் கசிந்தால் ஒரு நாளில் 240 லிட்டர் போகிறது, இரண்டு மீட்டரிலும் அது பதிவாகாமல் போகலாம். எனவே கொட்டேஷனில் ஆர் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். அல்ட்ராசோனிக் மீட்டரில் சுழலும் பாகம் இல்லை, மெல்லிய ஓட்டத்தையும் பிடிக்கும், விலைதான் கூடுதல். சுழலும் வகை என்றால் முன்னால் வடிகட்டி கட்டாயம். லாரித் தண்ணீரில் வரும் மண் அதை நிறுத்திவிடும்.

ஒரு வீட்டுக்கு எத்தனை இன்லெட் என்று எண்ணிவிட்டீர்களா? சமையலறை டக்ட் (குழாய்கள் இறங்கும் இடைவெளி), ஒவ்வொரு பாத்ரூம் டக்ட் என்று மூன்று நான்கு வழியில் தண்ணீர் நுழைந்தால் மீட்டரும் அத்தனை வேண்டும். 60 வீட்டுக்கு 200 மீட்டரைத் தாண்டலாம். பட்ஜெட் போடும்போது பலரும் சறுக்குவது இங்கேதான்.

முதலில் ஒவ்வொரு மாடித் தொட்டியின் வாயிலிலும் ஒரு பெரிய மீட்டர் போடுங்கள். அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை ஓடும் அளவைத் தினமும் குறியுங்கள். ஊர் முழுதும் தூங்கும் அந்த நேரத்தில் ஓட்டம் பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 1 லிட்டர் விடாமல் ஓடினால்கூட நாளுக்கு 1,440 லிட்டர். எந்தத் தொட்டியின் கீழ் கசிகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும், வீட்டு மீட்டர்களை அந்தப் பக்கத்தில் முதலில் மாட்டலாம். ஒப்பந்தம் போடும்போது, ஆண்டுச் சந்தாவை நிறுத்தினாலும் மீட்டரைக் கண்ணால் படிக்க முடியுமா, பழைய கணக்கு உங்களிடம் இருக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து: எங்கள் பாத்ரூமால் கீழ் வீட்டு சீலிங்கில் ஓதம் என்று சண்டை வருகிறது. என்ன சென்சார் வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள் அம்மா. பாத்ரூம் ஓதத்துக்குப் பெரும்பாலும் காரணம் கழிவு லைனின் இணைப்பு, நஹானி டிராப்பை (தரைத் தண்ணீர் வடியும் துளைக்கு அடியில் உள்ள கிண்ணம்) சுற்றிய விரிசல், தளத்தின் வாட்டர்ப்ரூஃபிங். நீங்கள் குளிக்கும்போது மட்டும் கசியும் தண்ணீரை மீட்டரோ தரை சென்சாரோ காட்டாது. தண்ணீர் லைனைத் திறந்தே வைத்துவிட்டு, சில நாள் அந்தப் பாத்ரூமை யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். ஓதம் காய ஆரம்பித்தால் குற்றம் கழிவு லைன் அல்லது தரையில். காயாமல் பரவினால் சுவருக்குள் இருக்கும் வரத்து லைனில். அப்போது பிளம்பர் டெஸ்டிங் பம்ப் வைத்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கட்டும்.

தெர்மல் கேமராவோடு வருபவர்கள் காட்டும் நீலத் திட்டு தண்ணீர் என்று உடனே நம்பவேண்டாம். அது வெப்ப வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. ஈரமானியை அதே இடத்தில் வைத்து உறுதி செய்தபின் டைல்ஸை உடைக்கச் சொல்லுங்கள். அப்படியும் இடம் பிடிபடாவிட்டால், 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனைக் காலியான குழாயில் செலுத்தி, மேலே வாயு வரும் இடத்தைத் தேடும் முறை இருக்கிறது. அந்தக் கலவை தீப்பிடிக்காது. இதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை, செய்பவரை அழைத்தால் போதும்.

திருப்பூரிலிருந்து: பிரஷர் பம்ப் வைத்த வீடு. நடு இரவில் தானாக ஓடி நிற்கிறது. பம்பில் கோளாறா?

இருக்கலாம். ஆனால் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்ப் ஓடினால், லைனில் அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். பம்பிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் ஓடினால், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் செக் வால்வில் கோளாறு. ஓடாவிட்டால் வீட்டுக்குள் கசிவு. உங்களுக்கு வேறு கருவி வேண்டாம் தம்பி, அந்தப் பம்பே சொல்லிவிடுகிறது.

சிங்கப்பூரிலிருந்து: கும்பகோணத்தில் பூட்டிக் கிடக்கும் வீடு. அங்கே வைஃபை இல்லை. எப்படிக் கண்காணிப்பது ஐயா?

ஊரை விட்டுக் கிளம்பும்போது தொட்டி வாயில் வால்வை மூடி, மோட்டார் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். பழைய கேட் வால்வு இறுகிப்போய் முழுதாக மூடாமல் இருக்கும், பித்தளை பால் வால்வாக மாற்றுங்கள். இதற்கு மேலும் தகவல் வேண்டும் என்றால் சிம் போடும் வகை அலாரம், பேட்டரி பேக்கப்போடு. கரண்ட் போனால் வால்வு மூடுமா, இருந்தபடியே நிற்குமா என்று கேட்டு வாங்குங்கள். சாவியோடு பக்கத்தில் ஒருவர் இல்லையென்றால், அங்கிருந்து அலாரத்தைக் கேட்டுப் பதற மட்டும்தான் முடியும். அவருடைய எண்ணையும் அந்தக் கருவியில் சேர்த்துவிடுங்கள்.

சென்னை, சிறு அலுவலகம்: சர்வர் ரூமில் ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது.

இங்கே கயிறு வகை சென்சார்தான். ஏ.சி.க்குக் கீழே சுவரோரம் முழுக்க ஓட்டிவிட்டால் எந்த இடத்தில் நனைந்தாலும் கத்தும். இரண்டு முனை உள்ள சின்ன வட்ட சென்சார், அது உட்கார்ந்த இடம் நனைந்தால்தான் பேசும். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் தொட்டுச் சோதியுங்கள். தரை துடைத்தபின் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுபவர்கள் நிறைய, துப்புரவுப் பணியாளருக்கும் அது என்னவென்று சொல்லிவையுங்கள்.