சிஸ்டர், இந்த மாத்திரையை நிறுத்திடலாமா?

கேள்வி: மாமாவுக்கு 68 வயது. மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மற்ற மாத்திரைகளோடு மெட்டோபுரோலால் 25ம் தினமும் ஒன்று. இப்போது எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்கிறார், வீட்டு மெஷினில் பல்ஸ் 54, 56 என்று காட்டுகிறது, பி.பி.யும் 110தான். பி.பி.யே இல்லாதவருக்கு எதற்கு பி.பி. மாத்திரை? நிறுத்திப் பார்க்கலாமா சிஸ்டர்?
- ஒரு மருமகள், தென்காசி

பதில்: வேண்டாம்மா. உங்கள் இஷ்டத்துக்கு ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். இது பீட்டா பிளாக்கர் என்கிற வகை, பி.பி.க்கும் கொடுக்கிற மாத்திரைதான், ஆனால் மாமாவுக்கு அதற்காகக் கொடுக்கவில்லை. பயம், கோபம், வேலை எது வந்தாலும் உடம்பில் சுரக்கிற அட்ரினலின் இதயத்தை விரட்டும்; அது போய் ஒட்டுகிற இடங்களை இந்த மாத்திரை மறித்துவிடுவதால் துடிப்பு நிதானமாகி, இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைகிறது. அடிபட்ட இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிப்பதையும் இது தடுக்கும். மாதக்கணக்கில் இப்படி மறித்து வைத்திருந்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அத்தனை அட்ரினலினும் ஒரேயடியாக இதயத்தைத் தாக்கும், நெஞ்சுவலியோ இன்னொரு மாரடைப்போ வரலாம். அதனால்தான் நிறுத்த வேண்டியிருந்தாலும் மருத்துவர்கள் ஒன்றிரண்டு வாரமாக அளவைக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

சரி, 54 பயப்பட வேண்டிய எண்ணா? தலைசுற்றல், கண் இருட்டுவது எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 54 என்றால், இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான். வார்டில் இதைக் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவோம், பி.பி. பார்ப்போம், மருத்துவர் எழுதிய எல்லைக்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே அவரைக் கூப்பிடுவோம். வீட்டில் நீங்களும் அதையே செய்யலாம். துடிப்பு சீராக இல்லாவிட்டால் மெஷின் தப்பாகக் காட்டும், அதனால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் எழுதுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு அதே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் 50ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ, அந்த வேளை மாத்திரைக்கு முன்னால் போன். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ போன் பண்ணிக் காத்திருக்காமல் 108.

அசதியையும் சும்மா விடாதீர்கள். ஆரம்ப வாரங்களில் இந்த மாத்திரையால் வரும், பலருக்குத் தானாகக் குறையும், குறையாவிட்டால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். ஆனால் ரத்தசோகையாலும் வரலாம், மாரடைப்புக்குப் பிறகு மனம் சோர்ந்து போவதாலும் வரலாம் (இதை வீட்டில் யாரும் கேட்பதே இல்லை), இதயம் பலவீனமாவதாலும் வரலாம். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ உடனே சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் எவ்வளவு என்று கேளுங்கள் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பது அது). அது 40க்குக் கீழே என்றால் இந்த மாத்திரை மிக அவசியம். 50க்கு மேல் என்றால், இது எத்தனை காலம் வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். 2024ல் ஸ்வீடனை மையமாக வைத்து வெளியான ஒரு பெரிய ஆய்வில் இப்படிப்பட்ட 5,000 பேரைப் பார்த்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மரணத்திலோ மறு மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கேள்வி நியாயமானது, முடிவு மட்டும் மருத்துவருடையது.

கேள்வி: அம்மா இன்சுலின் போடுகிறார், இப்போது கார்வெடிலாலும் சேர்ந்திருக்கிறது. சுகர் குறைந்தால் முன்பெல்லாம் படபடக்கும், கை நடுங்கும், இப்போது ஒன்றும் தெரிவதில்லை.
- வாசகர், ஓசூர்

பதில்: நல்லவேளை கவனித்தீர்கள். அந்தப் படபடப்பும் நடுக்கமும் அட்ரினலின் செய்கிற வேலை, கார்வெடிலாலும் மெட்டோபுரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர்தான், அது இவற்றை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. அம்மாவுக்குத் திடீரென்று வியர்த்தாலோ, பேச்சு குழறினாலோ, காரணமில்லாமல் எரிச்சல்பட்டாலோ விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு கொடுங்கள், எழும்போது தலைசுற்றுவது குறையும்.

கேள்வி: அப்பாவால் மாத்திரையை விழுங்க முடியவில்லை, பொடித்துக் கொடுக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அட்டையில் எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் கூடவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வேறு வடிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குப் பழைய ஆஸ்துமா. கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து ஆரம்பித்ததிலிருந்து வீசிங். கண் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகர், பெரம்பலூர்

பதில்: உண்டு. டிமோலாலும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், துடிப்பையும் குறைக்கும். அடுத்த சொட்டுக்கு முன்னால், இன்றைக்கே கண் மருத்துவரிடம் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள். லாட்டனோபுரோஸ்ட் மாதிரி வேறு சொட்டுகள் இருக்கின்றன, மாற்றித் தருவார். மூச்சு வாங்குவது அதிகமானால் அவருக்காகக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சொட்டு மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.