குன்னூர் டிரைவர் குடும்பத்துக்கு ஒரு கடற்கரை பட்ஜெட்

கேள்வி: குன்னூரில் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறேன். வண்டிக்கு மாதம் 11,400 ரூபாய் தவணை, இன்னும் 2 வருடம் பாக்கி. சீசன் மாதங்களில் 20 சவாரி கிடைக்கும், மற்ற மாதங்களில் 8 அல்லது 10. மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. இரண்டு பேரும் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. ராமேஸ்வரத்துக்கு 4 பேருக்கு 3 இரவு, 'பீச் ஆக்டிவிட்டி' எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். 12 மாதத் தவணையில் கட்டலாமாம். வண்டிக் கடன் இருக்கும்போது இப்படிச் செலவு செய்வது தப்பா?

பதில்: தப்பே இல்லை. வருடம் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு டால்பின் நோஸும் சிம்ஸ் பூங்காவும் காட்டுகிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட நினைப்பதற்கு யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டியதில்லை. போய் வாருங்கள். ஆனால் தவணையில் வேண்டாம், அந்தப் பேக்கேஜும் வேண்டாம்.

முதலில் தவணைக் கணக்கு. 45,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 4,126 ரூபாய் வரும். 12 மாதத்தில் கட்டுவது 49,500-ஐத் தாண்டும். 2 சதவீதம் செயலாக்கக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி என்று இன்னொரு 1,062 ரூபாய். ஆக 5,500 ரூபாய்க்கு மேல் சும்மா போகிறது. கீழே நான் போட்டிருக்கும் கணக்கில் மூன்று ராத்திரி அறை வாடகையே அவ்வளவுதான். 'வட்டியில்லாத் தவணை' என்று சொன்னாலும் நம்பி இறங்காதீர்கள். மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் விட எனக்குப் பயமாக இருப்பது சவாரி இல்லாத மாதங்கள். வண்டித் தவணையோடு இதுவும் சேர்ந்தால் மாதம் 15,500 ரூபாய். 8 சவாரி ஓடும் மாதத்தில் அதை எங்கிருந்து எடுப்பீர்கள்?

அடுத்து, அந்த 'பீச் ஆக்டிவிட்டி' என்னவென்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் ஜெட் ஸ்கி, பனானா போட், ராத்திரி கேம்ப் ஃபயர் என்று இருக்கும். 6 வயதுப் பையனை ஜெட் ஸ்கியில் ஏற்ற மாட்டீர்கள். ஏற்றவும் கூடாது. மலையில் வளர்ந்த பிள்ளை கடற்கரையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரே ஒரு முறை எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனார். காலுக்கடியில் மணல் வழுக்கிக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டு அரை நாள் நின்றேன். என் தங்கை கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள், பர்லியார் வளைவுகளில் அது கொட்டி அம்மாவின் புடவை முழுக்க உப்புப் பூத்துவிட்டது. வேறு எதற்குச் செலவு செய்தோம் என்று ஒன்றுமே நினைவில் இல்லை.

எப்போது போவது? மே மாதம், ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று பள்ளி லீவு வரும்போதெல்லாம் உங்களுக்குச் சவாரி. அதை விட்டுவிட்டுப் போகச் சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் போங்கள். ஊட்டி, குன்னூர் இரண்டிலும் அப்போது கூட்டம் குறைவு. ராமேஸ்வரம் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. வியாழன் மாலை கிளம்பி செவ்வாய் காலை திரும்பினால் பள்ளிக்கு மூன்று நாள்தான் லீவு. காலண்டரைப் பார்த்து தை அமாவாசை, மகா சிவராத்திரி நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அறை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும்.

அதுவரை பணம் சேர்க்கும் வழி. தபால் நிலைய ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) இதற்கு ஒத்துவராது. அது 5 வருடத் திட்டம், 3 வருடம் முடியாமல் இடையில் கணக்கை முடிக்க முடியாது. வங்கி ஆர்.டி.யில் மாதாமாதம் ஒரே தொகை கட்ட வேண்டும், உங்கள் வருமானம் அப்படி வருவதில்லையே. அதனால் மாதத்தை விட்டுவிட்டுச் சவாரியை வைத்துச் சேருங்கள். ஒவ்வொரு சவாரி முடிந்ததும், வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே, 250 ரூபாயை மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு போனிலேயே அனுப்பிவிடுங்கள். செப்டம்பரில் 10, அக்டோபரில் 20, நவம்பரில் 10, டிசம்பரில் 20, ஜனவரியில் 18 என்று வைத்தால் 78 சவாரி. 19,500 ரூபாய் சேர்ந்துவிடும். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு சவாரியைக் கணிக்க முடியவில்லை என்று உங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்கிறார்கள். குறைந்தால் ஒரு ராத்திரியைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பணத்தில் முடியுமா என்றால், முடியும். என் உத்தேசக் கணக்கு இது: போக வர பஸ், ரயில் எல்லாம் சேர்த்து 4,000. அறை ஒரு ராத்திரிக்கு 1,800 வீதம் 5,400. சாப்பாடு நாளுக்கு 1,200 வீதம் 4,800. உள்ளூரில் ஆட்டோவுக்கு 2,000, விளையாட்டுக்கும் படகுக்கும் 1,500, மருந்து மாத்திரை போன்ற அவசரத்துக்கு 1,500. மொத்தம் 19,200. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ராமேஸ்வரத்தில் கடலோரத்திலேயே இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: உங்கள் வண்டியை எடுக்காதீர்கள். ஸ்டீயரிங் பிடித்தால் அது உங்களுக்கு இன்னொரு டிரிப். கோவை சிங்காநல்லூரில் ராத்திரி மதுரை பஸ் ஏறினால் விடியுமுன் மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையம். அங்கிருந்து ரயில் நிலையம் பக்கம்தான். காலையில் ராமேஸ்வரம் பாசஞ்சர் கிளம்பும். பகலில் போவது முக்கியம், ஏனென்றால் பாம்பன் பாலம் இருட்டில் தெரியாது. 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்க நடுவில் ரயில் ஊர்ந்து போவதைப் பார்க்கட்டும். சாதாரண டிக்கெட்தான். ஜன்னலோரத்தில் மகன் உங்கள் மடியில் உட்காரட்டும்.

மணல் விளையாட்டுக்கு வீட்டிலிருந்தே நாலு தேங்காய்ச் சிரட்டை, ஒரு பழைய டீ வடிகட்டி, ஊறுகாய் டப்பா எடுத்துப்போங்கள். குளிக்க அரியமான் கடற்கரை நல்லது. ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில், உச்சிப்புளிப் பக்கம் இருக்கிறது. அலையும் ஆழமும் குறைவு, சவுக்குத் தோப்பில் நிழலும் உண்டு. ஒரு முழு நாளை அங்கேயே விடுங்கள். தனுஷ்கோடிக்குக் காலையில் போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த சர்ச்சுச் சுவரும் ரயில் நிலையமும் இன்னும் நிற்கின்றன. மகளுக்குக் கதை சொல்ல ஏற்ற வயது. கரையில் நின்றபடி கயிறு கட்டி இழுக்கும் கரைவலையைப் பார்த்தால், கயிற்றுக்கு ஒரு கை கொடுக்கலாமா என்று மீனவர்களிடம் கேளுங்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் குளிர்கால மாதங்களில் பூநாரைகள் வந்து நிற்கும். 2025 ஜூனில் அந்தப் பகுதியைச் சரணாலயமாகவே அறிவித்திருக்கிறார்கள். காற்றாடி ஒன்று பையில் இருக்கட்டும், அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை.

தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் மட்டும் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். கடல் அமைதியாகத் தெரிவதை நம்பாதீர்கள். எங்கோ தொலைவில் கிளம்பிய அலை, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையேறும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரத்தில் 5 மருத்துவ மாணவர்களை அப்படித்தான் பறிகொடுத்தோம். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரைத் தாண்டக் கூடாது, பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக நிற்க வேண்டும். படகில் லைஃப் ஜாக்கெட் கொடுக்கவில்லை என்றால் இறங்கிவிடுங்கள். கடையில் பவளப்பாறைத் துண்டு விற்றால் வாங்காதீர்கள், வைத்திருப்பதே குற்றம்.

உங்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் நாளைக்கே வங்கியில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேருங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் காப்பு. மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவருக்கு அது மட்டும் போதாது, ஆனால் அதுகூட இல்லாமல் இருக்கக் கூடாது.

அப்புறம், சவாரிக் கணக்கை எழுத மகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். நீங்கள் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கு எத்தனை சவாரி என்று கேட்டு, 250, 500 என்று அவளே எழுதிக் கூட்டட்டும். ராமேஸ்வரத்தில் விளையாட்டுக்கும் படகுக்கும் ஒதுக்கிய 1,500-இல் 300 ரூபாயை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தம்பிக்கு என்ன வாங்குவது என்று அவள் முடிவு செய்துகொள்வாள்.