வெலிமடையில் அல்பால்பா மஞ்சளாவது ஏன்?

கேள்வி: ஐயா, வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்கு செய்துவந்த அரை ஏக்கரில் சித்திரையில் அல்பால்பா என்ற மாட்டுத் தீவனப் பயிரை விதைத்து, ஓடைத் தண்ணீரை மோட்டார் வைத்துப் பாய்ச்சுகிறேன். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. ஒரு சாண் உயரத்தோடு வளர்ச்சி நின்று இலை மஞ்சளாகிவிட்டது. விதை தந்த கடைக்காரர் யூரியா போடச் சொல்கிறார். எவ்வளவு போடலாம்? உலர்த்திக் கட்டி மாட்டுப் பண்ணைகளுக்கு விற்கும் எண்ணமுண்டு.

பதில்: யூரியா இட்டால் சில நாட்களில் பச்சை திரும்பும், கடைக்காரருக்கு அது போதும். அல்பால்பாவோ வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாக்களைக் கொண்டு காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் பயிர். யூரியா மிகுந்தால் முடிச்சுக் கட்டுவதே குறைந்துவிடும். ஆகவே நான்கைந்து செடிகளை மண்ணோடு தோண்டி, வேரை மெதுவாக அலசிப் பாருங்கள். முடிச்சே இல்லையென்றாலோ, வெட்டிய முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் வெளிறியிருந்தாலோ, மண்ணின் புளிப்பையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

நீங்கள் விதைக்குமுன் கேட்டிருக்க வேண்டியதும் அதைத்தான். மலைநாட்டு மண் பெரும்பாலும் அமிலமானது. சொறிநோய்க்குப் பயந்து கிழங்குத் தோட்டத்தில் சுண்ணாம்பைத் தவிர்ப்பதும், போகந்தோறும் கொட்டும் யூரியாவும் அதை மேலும் புளிக்க வைக்கும். அல்பால்பாவுக்கு மண்ணின் பி.எச். (இந்த எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 6.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 5 அளவிலுள்ள மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும், பற்றீரியாவும் நிலைக்காது. மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்காமல் இந்த விதையை விற்றவரிடம் உர ஆலோசனையும் கேட்பது இரட்டை நட்டம். உங்கள் விவசாயப் போதனாசிரியர் மூலம் மண்ணைப் பரிசோதித்து, புளிப்பை முறிக்கும் சுண்ணாம்புத் தூளான டொலமைட்டை அறிக்கை சொல்லும் அளவு, அடுத்த விதைப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இட்டு, அரையடி ஆழம்வரை கொத்திக் கலந்துவிடுங்கள். நிற்கும் பயிரின்மேல் தூவினால் அது வேர்வரை இறங்க நெடுங்காலம் பிடிக்கும். விதையோடு சேர்க்கும் றைசோபியமும் (வேர்முடிச்சுப் பற்றீரியா) அல்பால்பாவுக்கு உரியதாக இருக்க வேண்டும். பயறுக்குரியது இதற்கு உதவாது. காலாவதித் திகதியையும் பாருங்கள்.

விற்பனை அதன் பிறகே. மழை நுவரெலியாவோடு நின்று, உங்கள் பக்கம் காய்ந்த கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்கள் உலர்த்த உகந்தவை. அறுவடைக்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, பத்தில் ஒரு செடி பூக்கும்போது அறுத்து, பனி ஈரம் முற்றாக வற்றுமுன் காலையிலேயே புரட்டுங்கள். உச்சிவெயிலில் புரட்டினால் புரதம் நிறைந்த இலை தரையில் உதிர்ந்து, பண்ணைக்குத் தண்டுதான் போய்ச் சேரும். ஈரம் 15 சதவீத அளவுக்கு இறங்குமுன் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அத்தகைய கட்டை விலை குறைத்தும் விற்காதீர்கள்.