'தேவர்களில் உமக்கு ஒப்பானவர் யார்?'

கேள்வி: செங்கடலைக் கடந்ததும் மோசே பாடும் பாட்டில் 'கர்த்தாவே, தேவர்களில் உமக்கு ஒப்பானவர் யார்?' என்று வருகிறது (யாத்திராகமம் 15). கடவுள் ஒருவரே என்றால் எந்தத் தேவர்களோடு ஒப்பிடுகிறார்கள்?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். கடவுள் ஒருவரே என்று அந்தப் பாட்டு சொல்லவே இல்லை. எபிரேயக் கவிதைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று ஆய்வாளர் பலர் கருதும் பாட்டு அது. எகிப்துக்கும் கானானுக்கும் தனித்தனிச் சாமிகள் இருப்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, எங்கள் யாவே (கர்த்தரின் எபிரேயப் பெயர்) கிட்டே வர எவரால் முடியும் என்பதுதான் பேச்சு. இன்றும் யூதர்கள் காலை மாலை ஜெபத்தில், 'கர்த்தர் ஒருவரே' என்று அறிக்கையிட்ட சற்று நேரத்திலேயே இந்த வரியையும் சொல்கிறார்கள்.

82ஆம் சங்கீதம் இன்னும் சுவாரசியம். தேவசபையில் தேவன் மற்ற தேவர்களை விசாரிக்கிறார். ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு, 'மனுஷரைப்போலச் செத்து' விழுவீர்கள் என்பது தீர்ப்பு. (இவர்கள் மனித நீதிபதிகள்தான் என்று விளக்குவோர் உண்டு. மனிதரைப் பார்த்து மனிதரைப்போலச் சாவீர்கள் என்றால் அதில் என்ன தண்டனை?) இப்படியொரு சபை, ஏல் என்ற மூத்த தெய்வத்தின் தலைமையில், சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்த, உகாரித் என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகளிலும் கூடுகிறது. அங்கே இடியும் மழையும் பாகால் என்ற தெய்வத்தின் வேலை. 29ஆம் சங்கீதத்தில் இடியாக முழங்குவது கர்த்தரின் சத்தம்.

'வேறொருவர் இல்லை' என்று அடித்துச் சொல்லும் பேச்சு ஏசாயா 45இல் கேட்கிறது. அதுவும் எப்போது? எருசலேம் ஆலயம் எரிந்து, ஜனங்கள் பாபிலோனில் சிறையிருந்த காலத்தில். ஊர் தோற்றால் அந்த ஊர்ச் சாமியும் தோற்றது என்பது அன்றைய கணக்கு, ஆனால் இந்தக் கவிஞரோ மற்ற சாமிகளே கிடையாது என்கிறார், கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக ராஜா கோரேசுகூட எங்கள் கடவுள் அனுப்பிய ஆள்தான் என்கிறார். தோற்றவர்கள் இவ்வளவு துணிச்சலாகப் பாடியது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

கேள்வி: அப்படியானால் அதற்கு முன் இஸ்ரவேலர் மற்ற தெய்வங்களையும் கும்பிட்டார்களா?

பதில்: தாராளமாக. தீர்க்கதரிசிகள் அத்தனை திட்டு திட்டியது பின்னே எதற்கு? சினாய்ப் பாலைவனத்தில் குந்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் 1970களில் கிடைத்த, சுமார் கி.மு. 800ஐ ஒட்டிய பானை எழுத்தில், 'சமாரியாவின் யாவே'யின் பெயராலும் 'அவருடைய அஷேரா'வின் பெயராலும் ஆசீர்வாதம் எழுதியிருக்கிறது. அஷேரா அங்கே பெண் தெய்வமா, வழிபாட்டுக்கு நட்ட மரக்கம்பமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.