கணினி கேள்வி–பதில்: விண்டோஸ் சர்வர் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா?

கேள்வி: பழைய விண்டோஸ் 10 கணினியைச் சர்வராக வைத்து, குடும்பப் படங்களையும் பாட்டுகளையும் வீட்டில் எல்லாருடைய கைப்பேசிக்கும் பகிர்கிறோம். அந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. லினக்ஸுக்கு மாறலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மாறலாம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மென்பொருள் தனக்கென்று டிரைவர் (இயங்குதளத்தின் உள்ளே புகுந்து வன்பொருளோடு பேசும் நிரல்) எதையும் நிறுவாத வகை என்றால், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் என்ற மென்பொருள் போதும். பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் வகை ஒயினில் நடக்காது. லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் கேவிஎம்மில் விண்டோஸையே ஏற்ற வேண்டியதுதான்.

முதலில் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எழுத மறுக்கும்.

பலர் தடுக்கி விழுவது டிரைவ் எழுத்தில்தான். படங்கள் டி டிரைவில் இருப்பதாக மென்பொருளின் தரவுத்தளம் எழுதி வைத்திருக்கும். ஒயின் அமைப்பில் 'டிரைவ்ஸ்' பக்கத்துக்குப் போய், லினக்ஸில் டிஸ்க் இணைந்திருக்கும் கோப்புறைக்கு அதே 'டி' எழுத்தைக் கொடுங்கள். பட்டியலை முதலிலிருந்து உருவாக்கும் வேலை மிச்சம்.

திரை இல்லாத கணினியா? ஒயின் நிரல்கள் பல திரையைத் தேடி நின்றுவிடும். எக்ஸ்விஎஃப்பி (Xvfb) என்ற நிரல் பொய்த்திரை கொடுக்கும். ஒயின், எக்ஸ்விஎஃப்பி இரண்டையும் சேர்த்து, கணினி எழும்போது தானே தொடங்கும் சிஸ்டம்டி (systemd) சேவையாக்கி, தனிப் பயனர் பெயரில் ஓட்டுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் வேண்டவே வேண்டாம்.

பிற்பகல் இடிமழையில் கரண்ட் போய்வரும் ஊர் உங்களுடையது. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் டிஸ்க்கின் வரியில் 'நோஃபெயில்' (nofail) சேருங்கள். டிஸ்க் எழாவிட்டாலும் கணினி எழும்.