கறுத்த மாலையும் குறைந்த மணியும்: வாசகர் கேள்வி-பதில்

நவராத்திரி தொடங்கிக் கார்த்திகை தீபம் முடியும்வரை எனக்கு வரும் கடிதங்களில் பாதி கைவேலை பற்றியவை. நினைவுக்கு ஒரு நகை செய்யக் கொடுத்தேன், வீட்டை அலங்கரிக்க ஏதோ வாங்கினேன், இப்படி ஆகிவிட்டது என்று தொடங்கும். இந்த முறை வந்தவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைப் பற்றிய வசவுகளையும் எடுத்துவிட்டேன், பல இடங்களில் மனமில்லாமல்தான்.

என் கல்யாண மாலையிலிருந்து ரோஜா இதழ்களும் கொஞ்சம் மல்லிகையும் எடுத்து, கண்ணாடிபோல இறுகும் ரெசின் பிசினில் பூவைப் பதித்துப் பதக்கம் செய்து தரும் ஒருவருக்குக் கூரியரில் அனுப்பினேன். 3,200 ரூபாய் கட்டினேன். ஐந்து வாரம் கழித்து வந்த பதக்கத்தில் பூ புளி உருண்டை போல இருக்கிறது. உள்ளே குமிழிகள் வேறு. "சொல்லிச் செய்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது" என்கிறார்.
*ஆர்.வி., ஈரோடு*

முதலில் ஒன்று செய்யுங்கள். மீதமுள்ள இதழ்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், இன்றைக்கே. பணத்தை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அந்த இதழ்கள் அவர் வீட்டுக் குப்பைக்குப் போய்விட்டால் யாராலும் மீட்டுத் தர முடியாது.

இப்போது நடந்தது என்ன என்று பார்ப்போம். ஈரம் போகாத பூவை ரெசினுக்குள் இட்டால் அது உள்ளேயே பழுத்துப் பழுப்பாகிவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுக்குள் ஒரு வாரம்போலப் புதைத்து, தொட்டால் அப்பளம்போல நொறுங்கும் பதம் வந்த பிறகே வார்க்க வேண்டும். அப்படிச் செய்தாலும் சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகும், மல்லிகை வெள்ளையாக நிற்காது. இது பூவின் குணம். ஆனால் இதைப் பணம் வாங்குமுன் சொல்வது தொழில் தெரிந்தவரின் கடமை. குமிழிகளோ முழுக்க முழுக்க அவர் கைப்பிழை.

சொல்லிச் செய்த பொருள் என்ற வாதம், உங்களுக்கு மனம் மாறி வேண்டாம் என்றால் செல்லும். குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ரசீதில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் அவர் இதைச் செய்ய வேண்டும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். பதக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அவர் அழிப்பதற்குள் உரையாடல்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். பணம் திரும்ப வேண்டும் என்று தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மாலை போனதை நினைத்து நீங்கள் அழுததாக எழுதியிருந்த வரியை நான் வெட்டிவிட்டேன். படிக்காமல் வெட்டவில்லை.

ஜெர்மன் சில்வர் கொலுசு வாங்கலாமா? விலை மலிவாக இருக்கிறதே.
*வாசகி, கும்பகோணம்*

வெள்ளி பெயரில் மட்டும்தான். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். நிக்கல் ஒத்துக்கொள்ளாத காலில் அரிக்கும்.

வீட்டிலேயே சாவிக்கொத்துப் பதக்கம் செய்யலாம் என்று ரெசின் வாங்கினேன். மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது. கலப்படம் செய்து ஏமாற்றிவிட்டார்களா?
*எம்., நாகர்கோவில்*

ஏமாற்றியது கடைக்காரர் இல்லை, உங்கள் வீட்டுக் கரண்டி. ரெசினும் கெட்டியாக்கியும் இரண்டு புட்டிகளாக வரும். சில கம்பெனிகளுக்கு இரண்டுக்கு ஒன்று, சிலவற்றுக்குச் சரிசமம். சில எடைக் கணக்கு, சில அளவுக் கணக்கு. புட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். "கண்ணளவில் கலந்தேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாம்பாருக்குக் கண்ணளவு போதும், இதற்குப் போதாது. ஊசி போடப் பயன்படுத்தும் அளவுக்கோடுள்ள குழலை மருந்துக்கடையில் வாங்கி அளந்து, ஓரம் அடி எல்லாம் வழித்து, மூன்று நான்கு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். மழை கொட்டும் நாளில் வார்க்காதீர்கள். உங்கள் ஊரில் அதற்கு நாள் பார்க்க வேண்டியிருக்கும், தெரியும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தக் கிண்ணத்தை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பெரிய புட்டிதான் லாபம் என்று நான் ஒருமுறை ஒரு கிலோ வாங்கினேன். இரண்டு பதக்கம் வார்த்தேன். மீதி அலமாரியில் இருந்தபடியே அடுத்த வருஷம் கெட்டியாக்கி விளக்கெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு பதக்கங்களும் எனக்கு ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விழுந்தன. சின்னப் புட்டி வாங்குங்கள்.

தள்ளுபடியில் நகை செய்யும் பொருட்கள் அடங்கிய பெட்டி மூன்று வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. இன்னும் பிரிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

முடியாது. ஒன்றை வாங்கிச் செய்து பார்ப்பதற்கு முன் மூன்று எதற்கு? இரண்டை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், அவர்களாவது பிரிப்பார்கள்.

சிறு நகைகள் கோர்க்க மணி வாங்கினேன். பாக்கெட்டில் "சுமார் 100" என்று போட்டிருந்தது. எண்ணினால் 74. கேட்டால் "சுமார் என்றுதானே போட்டிருக்கிறது" என்று சிரிக்கிறார். இதெல்லாம் ஒரு புகாரா என்று கணவரும் சிரிக்கிறார்.
*எஸ்.பி., சேலம்*

எண்ணினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். இருவரும் சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இது பல வருஷமாக என் தொண்டையில் நிற்கும் முள்.

கைவேலைப் பொருள் விற்கும் கடைக்குள் போனால் எடையும் எண்ணிக்கையும் வாசலோடு நின்றுவிடுகின்றன. மணி "ஒரு பாக்கெட்", குந்தன் கல் "ஒரு டப்பா", பட்டு நூல் "ஒரு கண்டு", ஜரிகை "ஒரு கட்டு". பருப்பை இப்படி விற்றால் தெருவில் சண்டை நடக்கும். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருள் எதுவாயினும் அதன் மேல் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. தயாரித்தவர் அல்லது அடைத்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி. நிகர எடை அல்லது எண்ணிக்கை. எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. மாதம், வருஷம். புகார் சொல்ல ஓர் எண். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பது. எடைக்கு விற்கும், பத்து கிராமுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களுக்கு விலக்கு உண்டு, அந்தச் சந்துக்குள்தான் பலரும் நுழைந்து ஓடுகிறார்கள். உங்களுடையது எடைக்கு அல்ல, எண்ணிக்கைக்கு விற்றது.

பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த விலைக் கடையில் நூறு கிராம் என்று சொல்லிக் கொடுத்த கண்ணாடி மணியை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 81. பாலிதீன் பையோடு. திரும்பிப் போனபோது கடைப் பையன் முகம் சுளிக்காமல் ஒரு பிடி மணியை அள்ளிப் பையில் போட்டான். அந்தப் பிடியில் இருபது கிராம் இருந்ததா என்று அவனும் பார்க்கவில்லை. அங்கே யாரும் எதையும் நிறுப்பதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தமிழ்நாட்டில் எடையளவுப் புகார்களைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பாக்கெட்டைப் பிரித்த கையோடு படம் எடுத்து, ரசீதோடு அவர்களுக்கு அனுப்புங்கள். 26 மணிக்காகவா என்று கேட்டால், அந்தக் கடை ஒரு நாளில் எத்தனை பாக்கெட் விற்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். கணவரிடமும்.

பேத்தியின் தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கோர்க்க ஆசை. முதல் முடியில் கொஞ்சம் என் மோதிரத்திலும் வைக்க வேண்டும். ஆசாரியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?
*ஒரு பாட்டி, காரைக்குடி*

கேட்பதற்கு முன் கொடுக்கும் முறை. கொடியையும் முடியையும் முழுவதும் கொடுக்காதீர்கள் அம்மா. கொஞ்சம் வீட்டில் இருக்கட்டும். ரசீதில் "வாடிக்கையாளர் கொடுத்தது" என்று அவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

தாயத்து உள்ளே கூடு. அதை மூட அரக்கு வைப்பதுண்டு. அரக்கு வைத்த பிறகு நிறுத்தால் அரக்குக்கும் வெள்ளி விலை கொடுப்பீர்கள். அதனால் வெறும் கூட்டை உங்கள் கண்முன் நிறுத்து, அந்த எடைக்கு மட்டும் விலை, கூலி தனி என்று பேசிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் இப்போதைக்குக் கட்டாயமில்லை. ஆனால் ஹால்மார்க் உள்ள வெள்ளியில் 925 போன்ற தர எண் இருக்கும். 2025 செப்டம்பர் முதல் ஆறு இலக்க அடையாள எண்ணும் சேர்ந்திருக்கிறது, அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் பேரன் யாராவது சரிபார்த்துச் சொல்வான். ஆசாரி கையால் செய்த ஒற்றைத் தாயத்தில் இதெல்லாம் இருக்காது. அங்கே தரத்தை ரசீதில் எழுதி வாங்குவதுதான் வழி. குழந்தை வாயில் வைக்கும், மூடி இறுகியிருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள்.

அகல் விளக்கில் வர்ணம் பூசி விற்கிறேன். எண்ணெய் கசிந்து வர்ணம் உரிகிறது என்று எல்லோரும் திட்டுகிறார்கள்.
*வாசகி, விருத்தாசலம்*

ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் காயவைத்த பிறகு பூசுங்கள், வெளிப்புறம் மட்டும். திரி நிற்கும் மூக்கில் ஜிகினா ஒட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

முதல் கொலு. கையில் 2,000 ரூபாய்தான். மாமியார் ஒன்பது படி என்கிறார்.
*புதுமருமகள், திருமங்கலம்*

மூன்று படி போதும். ஒற்றைப்படையாக இருந்தால் சரி என்று மாமியாரிடம் சொல்லுங்கள், அதற்கு மேல் நான் குறுக்கே வரமாட்டேன். படிக்கு டிரங்குப் பெட்டியும் பழைய புத்தகக் கட்டும் வைத்து வேட்டியை விரித்தால் காசு செலவில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், விளாச்சேரிக்கு நேரில் போய்விடுங்கள். செய்கிறவர் வீட்டு வாசலிலேயே வாங்கலாம். மண் பொம்மையா, பிளாஸ்டர் பொம்மையா என்று பார்க்க, தலைகீழாகக் கவிழ்த்து வர்ணம் படாத அடிப்பாகத்தில் நகத்தால் கீறுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் பிளாஸ்டர். தவறில்லை, ஆனால் மண் விலை கொடுக்காதீர்கள். இந்த வருஷம் ஒரு நல்ல பொம்மை, செட்டியார் ஜோடி ஒன்று. செட்டியார் கடைக்குச் சரக்கு உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. பூங்காவுக்குக் கடுகும் கேழ்வரகும் தூவித் தண்ணீர் தெளித்தால் நான்கைந்து நாளில் பச்சை எழும்பிவிடும். பிளாஸ்டிக் புல் விற்பவர்களைத் தாண்டி நடந்து போங்கள்.

மரப்பாச்சி வாங்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். செம்மரம் என்று சொல்லி ஒருவர் என் தலையில் கட்டிய ஜோடி, இரண்டாம் நாள் தீர்த்தம் பட்டதும் வேட்டியில் நான்கு சிவப்புப் பாதங்களைப் பதித்துவிட்டது. மகாலட்சுமி வந்து போனாள் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. நல்ல செம்மரம் தண்ணீரில் மூழ்கும் கனம். என் ஜோடி வாளியில் மிதந்தது. சாயம் போன பிறகு பார்த்தால் ஏதோ பெட்டிப் பலகை.

மின்சார சரவிளக்கு (சீரியல் லைட்) மலிவாகக் கிடைக்கிறது. மூன்று மாடிக்கும் தொங்கவிடலாமா?
*வாசகர், வேலூர்*

பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லையென்றால் ஒரு மாடிக்கும் வேண்டாம். மழை படும் இடத்தில் ஒயரை முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று கடிதத்தின் மீதியிலிருந்து ஊகிக்கிறேன், அதுவும் வேண்டாம்.

பட்டு நூல் வளையல் செய்து விற்கிறேன். ஒரு ஜோடிக்கு நூல், அடி வளையல், கல், பசை என்று 90 ரூபாய் ஆகிறது. சுற்றவும் கல் ஒட்டவும் இரண்டரை மணி நேரம். 250 சொன்னால் "கடையில் 120க்குக் கிடைக்கிறதே" என்கிறார்கள். குறைக்கலாமா?
*வாசகி, திண்டுக்கல்*

இந்தப் பகுதி வாங்குகிறவர்களுக்கானது என்றாலும் உங்களுக்கு இடமுண்டு. 250க்கு விற்றால் ஒரு மணி நேரத்துக்கு 64 ரூபாய் நிற்கிறது. 120க்கு விற்றால் 12 ரூபாய். கேட்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், குறைக்காதீர்கள். மகளின் வளைகாப்புப் புடவை நுனியிலிருந்து எடுத்த நூலைச் சுற்றித் தரச் சொல்லி ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது கடையில் 120க்குக் கிடைக்காது. அதற்கு 400 கேளுங்கள், மிச்ச நூலைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.