கப்பல் நிற்கும் ஒரு பகலில் பக்கத்துத் தீவுக்குப் போய் வரலாமா?

கேள்வி: டிசம்பரில் மயாமியிலிருந்து ஏழு நாள் க்ரூஸ் போகிறோம். நான், கணவர், 9 வயது மகள், 71 வயது மாமியார். ஒரு நாள் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை கப்பல் கரீபியன் கடலிலுள்ள செயின்ட் தாமஸ் தீவில் நிற்கிறது. பக்கத்திலிருக்கும் செயின்ட் ஜான் தீவின் கடற்கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கப்பலில் விற்கும் டூரை நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. நாங்களாகவே ஃபெரி பிடித்துப் போய் வர முடியுமா? நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும் என்று கணவர் பயப்படுகிறார். மாமியாருக்கு முட்டி வலி வேறு.

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் கணவர் பயப்படுவதும் நியாயம்தான். கப்பல்காரர்களின் டூரில் போனால், அந்த டூர் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இந்த நிம்மதிக்குத்தான். நீங்களாகப் போனால் அந்த நிம்மதியை நீங்களே நேரக்கணக்கில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். ஐந்து மணிக்குக் கப்பல் என்றால் ஐந்து மணிக்குக் கப்பல்தான். நாலு பேருக்காக நாலாயிரம் பேரை நிறுத்தி வைக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. செயின்ட் தாமஸும் செயின்ட் ஜானும் ஒரே ஆட்சிப்பகுதி, அமெரிக்க வர்ஜின் தீவுகள். 1917-இல் டென்மார்க்கிடமிருந்து இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கிய தீவுகள் இவை. அதனால் இரண்டுக்கும் நடுவே குடியேற்றச் சோதனை கிடையாது, பணமும் அதே அமெரிக்க டாலர்தான். ஆனால் செயின்ட் ஜானுக்கு ஃபெரி பிடிக்கும் ரெட் ஹூக் படகுத்துறையில் நிற்கும்போது ஜோஸ்ட் வான் டைக், டார்டோலா என்று வேறு பெயர்களும் காதில் விழும். அவை பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், வேறு நாட்டு எல்லை. போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது ஒரு வரிசை. கப்பல் நிற்கும் நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம், செயின்ட் ஜானில் நீங்கள் இறங்கும் ஊரின் பெயர் க்ரூஸ் பே. தமிழில் எழுதினால் உங்கள் கப்பலும் அந்த ஊரும் ஒன்றுபோலத் தெரியும், ஆங்கில எழுத்து வேறு. பெரிய கப்பல் ஒட்டி நிற்கும் துறை அங்கே இல்லை. சிறு படகுகள் அடைந்து கிடக்கும் சின்னத் துறை அது.

இனி வழி. செயின்ட் தாமஸில் கப்பல்கள் பெரும்பாலும் ஹேவன்சைட்டில் நிற்கும், இல்லையென்றால் க்ரவுன் பேயில். இரண்டுமே தலைநகரான ஷார்லட் அமாலியை ஒட்டியவை. செயின்ட் ஜானுக்கு அடிக்கடி ஃபெரி போவதோ தீவின் கிழக்கு முனையிலுள்ள ரெட் ஹூக்கிலிருந்து. கடல் வழி இருபது நிமிடம்தான். நேரத்தைத் தின்பது அந்த முனைக்குப் போகும் தரைவழி. மலைச்சாலை, வளைவுக்கு மேல் வளைவு. காலையில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மாலையில் நெரிசலில் மாட்டினால் முக்கால் மணி நேரத்தையும் தாண்டும். ஷார்லட் அமாலியிலிருந்தே நேராகப் போகும் ஃபெரியும் உண்டு, முக்கால் மணி நேரப் பயணம். ஆனால் நாளுக்குச் சில தடவைதான். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். உங்கள் நாளில் நேரம் தோதாக அமைந்தால் போகும்போது ஏறிக்கொள்ளலாம், திரும்பும்போது வேண்டாம்.

டாக்ஸி என்றால் இங்கே பெரும்பாலும் ‘சஃபாரி’தான். லாரியின் பின்பக்கத்தில் வரிசையாகப் பெஞ்சு போட்டு, மேலே கூரை மட்டும் போட்ட வண்டி. மீட்டர் கிடையாது. எந்த இடத்துக்கு எவ்வளவு என்று அரசே ஆளுக்கு இவ்வளவு எனக் கட்டணம் நிர்ணயித்திருக்கிறது, எனவே பேரம் பேச ஒன்றுமில்லை. ஏறும் முன் ‘நாலு பேருக்கு மொத்தம் எவ்வளவு’ என்று கேட்டுவிட்டால் போதும். ஒரே தொல்லை, வண்டி நிறையும் வரை நகராது. காலையில் கப்பலிலிருந்து கூட்டம் இறங்கும்போது ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும். ரெட் ஹூக்கில் மதியம் அப்படி இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பின்னாலிருந்து முன்னால் போட வேண்டிய கணக்கு இது. கப்பல் 5 மணிக்குக் கிளம்பினால், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 4:30 ஆக இருக்கும். உங்கள் கப்பலின் தினசரி அறிவிப்புத்தாளில் அச்சிட்டிருப்பார்கள், அதுதான் கடைசிச் சொல். ரெட் ஹூக்கிலிருந்து கப்பலுக்கு வர, வண்டி நிறையக் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 3:30-க்குள் ரெட் ஹூக்கில் கால் வைத்தாக வேண்டும். ஃபெரி பகலில் ஏறக்குறைய மணிக்கொன்று. க்ரூஸ் பேயிலிருந்து 3 மணிக்குக் கிளம்புவது 3:20-க்கு வந்து சேரும். ஆக, அது உங்களைக் காப்பாற்றும் கடைசி ஃபெரி. நீங்கள் ஏற வேண்டியது அதில் இல்லை, அதற்கு முந்தைய 2 மணி ஃபெரியில்.

இந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் ஏறத் திட்டமிடும் ஃபெரிக்குப் பின்னால், உங்களைக் கப்பலில் சேர்க்கக்கூடிய இன்னொரு ஃபெரி இருக்க வேண்டும். 3 மணி ஃபெரியைக் குறிவைத்துப் போனவர்கள், வரிசையில் இடம் நிரம்பிப்போய், துறையை விட்டு அது நகர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஈரத் துணி, தோளில் துண்டு, கையில் கழற்றிய செருப்போடு நானும் ஒரு தடவை அப்படி நின்றிருக்கிறேன். என் நல்ல நேரம், அன்று எனக்குப் பின்னால் இன்னொரு ஃபெரி இருந்தது.

காலைப் பக்கம் இப்படி அமையும். 8 மணிக்குக் கப்பல் நின்றாலும் இறங்க அனுமதி கிடைத்து வெளியே வர 8:30, 8:45 ஆகும். நீங்கள் அமெரிக்கக் குடிமக்கள் இல்லையென்றால், அதற்கு முந்தைய துறைமுகம் வேறு நாட்டில் இருந்திருந்தால், பாஸ்போர்ட்டோடு சோதனைக்குக் கூப்பிடலாம். முந்தின நாள் மாலையே வரவேற்பு மேசையில் கேட்டு வையுங்கள். 9:30 வாக்கில் ரெட் ஹூக், 10 மணி ஃபெரி, 10:20-க்குக் க்ரூஸ் பே, 10:45-க்கு ட்ரங்க் பே கடற்கரை மணலில் கால். திரும்ப 2 மணி ஃபெரி என்றால் மணலைவிட்டு 1:15-க்கு எழுந்துவிட வேண்டும். ஒன்பது மணி நேரம் கப்பல் நிற்கிறது, கடற்கரையில் கிடைப்பது இரண்டரை மணி நேரம். என்னைக் கேட்டால், அந்தக் கடலுக்கு இரண்டரை மணி நேரத்துக்காகவே போகலாம். ஆனால் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு போவது வேறு, அங்கே போய் மணியைப் பார்த்து அதிர்வது வேறு.

இப்போது பலரைக் கவிழ்க்கும் விஷயம், கடிகாரம். வர்ஜின் தீவுகளில் ஆண்டு முழுக்க ஒரே நேரம். மயாமி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுக்கும். அதனால் கோடையில் இரண்டு இடத்திலும் ஒரே மணி. நீங்கள் போகும் டிசம்பரில் மயாமியில் 3 என்றால் செயின்ட் ஜானில் 4. நடுவில் கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. சில கப்பல்கள் தீவு நேரத்துக்கு மாறும், சில மயாமி நேரத்திலேயே இருந்துவிடும். எப்படியென்று அதே அறிவிப்புத்தாளில் இருக்கும்.

கப்பல் மயாமி நேரத்தில் இருந்தால் ஆபத்தில்லை. நான் மேலே சொன்ன எல்லா மணியோடும் ஒன்றைக் கூட்டிக்கொண்டு தீவு நேரத்தில் பாருங்கள். ஆபத்து, கப்பல் தீவு நேரத்துக்கு மாறி, நீங்கள் மாறாமல் இருந்தால்தான். கைக்கடிகாரம் தானாக மாறாது. போன் மாறுமே என்பீர்கள். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து விமானப் பயன்முறையில் போட்ட போன் எங்கிருந்து மாறும்? மயாமி மணியைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதில் 3:30 என்று பார்த்து நிம்மதியாக ரெட் ஹூக்கில் ஐஸ்கிரீம் வாங்கும்போது கப்பலில் 4:30. ஆகவே கப்பலிலிருந்து இறங்கும் நடைபாலம், அதாவது கேங்வே அருகில் நின்று, அங்குள்ள கடிகாரத்தோடு வீட்டில் எல்லோருடைய மணியையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

போனைப் பற்றி இன்னொன்று. செயின்ட் ஜானின் வடகரையில் எதிரே தெரிவது டார்டோலா. அதன் கோபுர சிக்னலை உங்கள் போன் பிடித்துக்கொண்டு ‘பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் உங்களை வரவேற்கின்றன’ என்று செய்தி அனுப்பும். எல்லை தாண்டிவிட்டோமோ என்று பதற வேண்டாம். ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சர்வதேசக் கட்டணம் ஏறும்.

எந்தக் கடற்கரை? தீவின் ஏறக்குறைய 60 சதவீதம் தேசியப் பூங்கா. லாரன்ஸ் ராக்கஃபெல்லர் 5,000 ஏக்கருக்கு மேல் வாங்கித் தானமாகக் கொடுக்க, 1956-இல் உருவானது. அதனால்தான் வடகரையில் ஹோட்டல் கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கவில்லை. மகளும் மாமியாரும் கூட வருவதால் உங்களுக்கு ட்ரங்க் பே. கழிப்பறை, குளிக்கும் ஷவர், லாக்கர், ஸ்நார்கெல் (முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி மூச்சுவிட உதவும் குழாய்) வாடகை எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள், சிறுவர்களுக்கு இலவசம். தண்ணீருக்கடியில் பலகைகள் பதித்த ஸ்நார்கெல் பாதை அங்கே இருக்கிறது. முகத்தைத் தண்ணீரில் வைத்தபடியே மீனின் பெயரையும் பவளத்தின் பெயரையும் படித்துக்கொண்டு நீந்தலாம். ஒன்பது வயதுக்கு அது பெரிய விளையாட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டு யாராவது ஒருவர் கூடவே இருங்கள். மாஹோ பேயில் பச்சை ஆமைகள் கடற்புல் மேய வரும் என்பது உண்மை. ஆனால் அது இன்னும் தள்ளி இருக்கிறது. திரும்ப வண்டி கிடைப்பதும் ட்ரங்க் பே அளவு சுலபமில்லை. அதை விட்டுவிடுங்கள். நீங்களும் கணவரும் மட்டும் என்றால், க்ரூஸ் பேயிலிருந்து காட்டுப்பாதையில் ஒரு மைல் நடந்து ஹனிமூன் பீச் போகச் சொல்லியிருப்பேன், டாக்ஸியே வேண்டாம். முட்டி வலிக்கு அது சரிப்படாது.

மாமியாருக்குச் சிரமம் ஃபெரியில் இல்லை. கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். சஃபாரியின் படிதான் உயரம். ஓட்டுநரிடம் சொன்னால் முன்னால் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொள்வார்கள், அல்லது சாதாரண வேன் எது என்று கேட்டு ஏறுங்கள்.

பையில் வைக்க வேண்டியதில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று சன்ஸ்க்ரீன். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோக்ரிலீன் இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த சன்ஸ்க்ரீனுக்கு 2020 மார்ச்சிலிருந்து இந்தத் தீவுகளில் தடை. பவளத்தைக் கெடுக்கிறது என்பது காரணம். துத்தநாக ஆக்ஸைடு சார்ந்ததை முன்கூட்டியே வாங்கி வாருங்கள். இரண்டாவது, அசல் பாஸ்போர்ட், தண்ணீர் புகாத உறையில். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வேறு நாடாக இருக்கலாம். விமானம் பிடிக்க பாஸ்போர்ட் வேண்டும், அது கேபின் பெட்டகத்தில் இருந்தால் கப்பலோடு போய்விடும். அறிவிப்புத்தாளில் துறைமுக முகவரின், அதாவது கப்பலுக்காகக் கரையில் வேலை பார்ப்பவரின் தொலைபேசி எண் இருக்கும், அதைப் படமெடுத்து வையுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த உடனேயே அவரைக் கூப்பிடுங்கள், கப்பல் போன பிறகு அல்ல.

கரையோர மரத்தடியில் ஒதுங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பச்சை ஆப்பிள் போலச் சின்னக் காய் காய்க்கும் மன்சினீல் மரம் இந்தத் தீவுகளில் உண்டு. காயைத் தின்றால் விஷம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைக்கு அதனடியில் நின்றால்கூட. தெரியாத காயைத் தொடாதே என்று மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அன்று காலை எடுக்க வேண்டிய முடிவு. கப்பல் தாமதமாக வந்து 10 மணி ஃபெரி கிடைக்காமல் 11 மணி ஃபெரி என்றாலும் போங்கள், ஒன்றரை மணி நேரமாவது நீந்தலாம். 12 மணி ஃபெரிதான் என்றாலோ, கடலில் அலை அதிகம் என்று துறையிலேயே பேச்சு அடிபட்டாலோ, செயின்ட் ஜானை மறந்துவிட்டு செயின்ட் தாமஸிலேயே மேகன்ஸ் பேக்கு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். நீளமான மணல், அமைதியான தண்ணீர், திரும்பும் வழியில் கடல் கிடையாது.